பெரிய வில்லுக்கத்தி

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியில் கத்தியைப் பற்றி எழுதப் புகுந்தால், சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வெட்டுக்குத்துச் செய்திகளுக்குத்தான் பத்திரிகையின் ஏனைய பக்கங்கள் இருக்கின்றனவே, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது நிம்மதி வேண்டாவா என்று தாய்மார் கேட்பதும் நியாயமே. ஆனால் நாம் இன்று சொல்லப் புகுவது அந்தக் கத்தியை அன்று. பையினுள் மடங்கிக் கிடந்து, வேண்டும்போது விரிந்து, மாம்பழம் நறுக்கியோ சணற் கயிறு அறுத்தோ பென்சில் சீவியோ முடித்த பின், தன் அலகைத் தன் பிடிக்குள்ளேயே ஒடுக்கிக்கொள்ளும் சாதுவான கத்தியைப் பற்றியதே இவ்வாரப் பேச்சு. யாழ்ப்பாணத்தார் இதனை வில்லுக்கத்தி என்பர். தமிழகத்தார் மடக்குக்கத்தி என்றும், சிறியதாயின் பேனாக்கத்தி என்றும் கூறுவர். வில்லு என்பது அலகின் முதுகை அழுத்திப் பிடிக்கும் எஃகுச் சுருளன்று, எஃகுத் தகடாகும். அது வில்லைப் போல் வளைந்து நிமிர்வதனாலேயே பெயர் பொருந்திற்று.

வில்லுக்கத்தியிலும் சிறியது, பெரியது என இரு சாதி உண்டு. சிறியதைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. பெரியதை, அதாவது அலகு மாத்திரம் நாலங்குலம் அல்லது பத்துச் சென்ரிமீற்றர் அளவில் நீண்டு, மூடினால் உள்ளங்கையை நிரப்பும் கத்தியை, எடுத்த மாத்திரத்தில் கத்திப் பிரியர் இரு கட்சியாகப் பிரிந்து விடுகின்றனர். ஒரே ஆள் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் மறு கட்சியிலும் நிற்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் விரும்புவது எதை, வெறுப்பது எதை என்று ஆராய்ந்தால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறப்பது தெரியவரும்.

மாத்தளை மாவட்டத்தார்க்குக் கத்தியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தேயிலையும் றப்பரும் கொக்கோவும் மிளகும் கறுவாவும் சாதிக்காயும் ஒரே மாவட்டத்தில் விளையும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கத்தி வேண்டியதாகின்றது. றத்தோட்டைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் தேயிலைச் செடியைத் தறிக்கக் கவ்வாத்துக் கத்தி. றப்பர் மரத்தின் பட்டையை, உள்ளிருக்கும் மென்படலத்துக்குக் காயம் படாமல், மெல்லிய சீவலாக எடுப்பதற்கு வாய் மடங்கிய பால்வெட்டுக் கத்தி. கறுவாப் பட்டையை உரிக்க வளைந்த சிறு கத்தியொன்றும், பட்டையைத் தளர்த்தத் தேய்ப்பதற்குப் பித்தளைக் கோலொன்றும். கொக்கோக் காயைக் கொய்வதிலே ஒரு நுட்பம் உண்டு. காயைப் பிடித்து இழுத்துப் பறித்தலாகாது. அடிமரத்தில் காய்க் காம்பு நிற்கும் சிறு மேட்டிலிருந்தே அடுத்தடுத்த பருவங்களுக்கும் பூ வரவேண்டும் ஆகையால், கூரிய கத்தியால் காம்பை மாத்திரம் அறுக்க வேண்டும். கொய்த காயைப் பிளக்கும்போதோ நிலைமை தலைகீழாகி விடும். அங்கே கூரிய கத்தி உள்ளிருக்கும் விதையை வெட்டிவிட்டால், வெட்டுண்ட விதையிற் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். எனவே காயைக் கட்டையால் தட்டிப் பிளப்பதே சிறப்பு.

இத்தனை கத்திகளில் ஒன்றாவது மடங்குவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாள் முழுதும் உழைக்கும் கத்திக்கு மூட்டு ஒரு பலவீனம். பாலும் பிசினும் மண்ணும் அதிற் புகும். புகுந்தால் கத்தி இறுகும், அன்றேல் ஆடும். ஆகவே உழைக்கும் கத்தி நேர்க்கத்தி, பைக்குட் போகும் கத்தி மடக்குக்கத்தி என்று உலகம் வகுத்துக்கொண்டது. நாற்றுமேடைகளில் ஒட்டுவேலை செய்வோர் வைத்திருக்கும் ஒட்டுக்கத்தி பெரும்பாலும் மடங்குவதுதான். ஆனால் அது சிறியது. ஒரு பக்கம் மாத்திரம் சாணை பிடிக்கப் பெற்றது. ஒட்டுக்கிளையைச் சமதளமாகச் சீவுவதொன்றே அதன் கடமை. மாத்தளையிலுள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்குச் சென்று பார்க்கும் மாணாக்கர் இதனையும் கேட்டறிவது நன்று.

பெரிய வில்லுக்கத்தியோ இந்த வகுப்பில் எதற்கும் அடங்காது. உழைக்கவும் வேண்டும், பையிலும் இருக்க வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக நிற்கின்றது. அதன் பெருமையும் சிறுமையும் இங்கேதான் தொடங்குகின்றன.

மடங்கும் கத்தி மேனாட்டாரோடு கப்பலேறி வந்த சரக்கு என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கி யாழ்ப்பாணப் பெருந்தெருவிற் சிறிது தூரம் சென்றால் அளுவிகாரையை அடையலாம். வாய்மொழியாகவே வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் எனும் வலகம்பா மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேதான் என்பது மரபு. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படையினரால் இவ்விகாரையின் ஏடுகள் அழிவெய்தின. ஓலையில் எழுத்தாணியால் கீறி, அதன்மேற் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்து, எழுத்தைத் துலங்கச் செய்யும் முறையை இன்றும் அங்கே செல்வோர் காணலாம். சிங்கள மரபில் இதற்குத் தாளிப்பனை ஓலை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பனையோலை. தமிழர் எழுத்தாணியிற் பல வகை வைத்திருந்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர் மடக்கெழுத்தாணி. பிடியின் ஒரு பக்கத்தில் எழுதும் ஊசியும், மறுபக்கத்தில் ஓலையின் ஓரத்தை நறுக்கும் சிறு கத்தியும் மூட்டுப் பெற்று, இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். ஓலையை வாரவும், எழுதவும், மடியிற் செருகிக்கொண்டு வெளியே போகவும் ஒரே கருவி. பேனாக்கத்தி என்னும் பெயர் ஐரோப்பாவிலே இறகுப் பேனாவைச் சீவியதால் வந்தது. நம்மவரோ பேனாவையும் கத்தியையும் ஒரே பிடியில் வைத்து மடக்கியிருக்கின்றனர். கண்டி நாட்டுப் பிரதானிகள் இடையில் அணிந்த வெள்ளி வேலைப்பாடுடைய கத்தியோடும் எழுத்தாணி சேர்ந்து வருவதுண்டு. ஆனால் அது நேர்க்கத்தி, மடங்குவதன்று.

பெரிய மடக்குக்கத்தி மாத்திரம் மேனாட்டுச் சரக்கு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டங்கள் திறக்கப்பட்ட ஆங்கிலேயர் காலத்தில், ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகள் அவர்கள் பேரரசெங்கும் விற்பனையாயின. அந்நகரத்து ஜோசப் றொட்ஜர்ஸ் என்னும் பெயர்பெற்ற கம்பனியார் 1851 ஆம் ஆண்டு இலண்டன் மாபெருங் கண்காட்சியில் ஒரு மடக்குக்கத்தியை வைத்தனர். அலகும் கருவியுமாக 75 உறுப்புகள் அதில் இருந்தன. தூக்கவே இரண்டு கை வேண்டும். அதைக் கொண்டு எவரும் ஓர் எலுமிச்சங்காயைத் தானும் அறுத்ததாகத் தெரியவில்லை. பெரிதாக்குவதிலே இப்படி ஒரு மயக்கமும் உண்டு என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

இனி விருப்பத்தைப் பார்ப்போம்.

பெரிய வில்லுக்கத்தியை விரும்புவோர் அலகின் நீளத்துக்காகவே விரும்புகின்றனர் என்று வெளியார் நினைப்பர். உண்மை அதுவன்று. அவர்கள் மயங்குவது பிடியில்தான். அலகு பிடிக்குள் மடங்க வேண்டும் ஆதலால், அலகு நீண்டாலன்றிப் பிடி நீளாது. சிறு பேனாக்கத்தியை இரு விரலாலும் பெருவிரலாலும் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கின்றது. கடினமான பொருளை அறுக்கும்போது விரல் வலிக்கும், கத்தி உருளும். பெரியதிலோ நாலு விரலும் வரிசையாக அமர்ந்து, பெருவிரல் மேலே படிந்து, கத்தி கையோடு ஒன்றாகி விடும். தோட்ட வேலையிற் காய்த்துப்போன அகன்ற கைக்கு இதன் அருமை நன்கு தெரியும். மழையில் நனைந்த கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சுவிற்சர்லாந்துக்காரர் இதற்குச் சான்று. அந்நாட்டுப் படைவீரர்க்கு 1961 முதல் வழங்கப்பட்ட அலுமினியப் பிடிக் கத்தி, மூடிய நிலையில் 93 மில்லிமீற்றர் நீளம். 2008 இல் வந்த புதிய கத்தி 111 மில்லிமீற்றர். ஒரு கையால் திறக்கத்தக்கது, விரித்த அலகு பூட்டிக்கொள்வது. பழைய கத்தியின் மெல்லிய உடம்பை நினைந்து ஏங்குவோர் இன்றும் உளர். பிடித்து வேலை செய்வோரோ புதியதே கைக்கு இதம் என்கின்றனர்.

பிரான்சு நாட்டுச் சவோய் மலைப்பிரதேசத்தில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890 அளவில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி இன்னொரு சான்று. உழவர்க்கும் இடையர்க்கும் பிறந்த கத்தி அது. 1897 இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு அளவுகள் வகுத்தனர். எட்டாம் இலக்கத்தின் அலகு எட்டரைச் சென்ரிமீற்றர், பன்னிரண்டாம் இலக்கத்தினது 12 சென்ரிமீற்றர். உலகெங்கும் பெயரெடுத்தது எட்டாம் இலக்கமே. பன்னிரண்டாம் இலக்கத்துக்கும் தனிப் பக்தர் கூட்டம் இருக்கின்றது. முழுப் பாண் ஒன்றை ஒரே இழுப்பில் அறுக்கும், மலையேறப் போனால் சமையலுக்கு வேறு கத்தி வேண்டாம், இத்தனை நீளம் இருந்தும் எடையே இல்லை என்று அவர்கள் அடுக்குவர். மெல்லிய அலகும் மரப்பிடியுமாதலால் எடை குறைவென்பது மெய்தான்.

நம் ஊரில் இந்த நீளம் எதற்கு உதவும் என்று கேட்டால், பழத்துக்குத்தான் என்போம். மாத்தளை வீட்டு வளவுகளில் விளையும் பழங்களுள் அநேகம் சிறு கத்திக்கு மசியாதவை. பப்பாசியைச் சிறு அலகால் சுற்றிச் சுற்றி அறுத்தால் படிக்கட்டுப் போலாகும். நீண்ட அலகு ஒரே வீச்சில் இரு பாதியாக்கும். அன்னாசியின் தோலை மேலிருந்து கீழே சீவுவதும் அவ்வாறே. பட்டர்புரூட் என மக்கள் வழங்கும் ஆனைக்கொய்யாவுக்கு மாத்திரம் பெரிய கத்தி ஆகாது. கையில் வைத்துக்கொண்டு கொட்டையை அலகின் முனையாற் குத்திக் கெல்லுவோர், பழத்தைக் கடந்து தம் உள்ளங்கையையே துளைத்துக்கொள்கின்றனர். மேனாட்டு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு பெயர் வைத்துவிட்டனர் என்றால், எத்தனை கை கிழிந்திருக்கும் என்று பாருங்கள்! பழத்தைப் பலகையில் வைத்துக் கொட்டையைச் சுற்றி அறுத்து, இரு பாதியையும் திருகிப் பிரித்து, கொட்டையைக் கரண்டியால் எடுக்க வேண்டும்.

பலாப்பழம் வந்ததும் கத்திப் பிரியரின் விருப்பு அப்படியே வெறுப்பாக மாறிவிடும். அலகில் தேங்காயெண்ணெய் தடவாமல் பலாவைத் தொடக்கூடாதென்பதைப் பிள்ளைகளும் அறிவர். நேர்க்கத்தியாயின் எண்ணெய் தடவிய அலகைப் பின்னர் துடைத்தாற் போதும். மடக்குக்கத்தியில் பலாப்பால் அலகோடு நில்லாது, வழிந்து மூட்டுக்குட் போகும். கத்தியை மடக்கி வைத்தால் பிடிக்குள்ளும் பூசிக்கொள்ளும். மறுநாள் திறக்கப் பார்த்தால் நகம் முறியுமேயன்றி அலகு அசையாது. அப்பொழுது தண்ணீரில் ஊறவைப்பது வீண்வேலை. பலாப்பால் தண்ணீரில் கரைவதில்லை. பழந்துணியில் மண்ணெண்ணெய் தோய்த்து மூட்டைத் துடைத்து, அலகை மெல்ல அசைத்து அசைத்துத் தளர்த்தி, பின் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். அடுப்பருகே விளக்கோ நெருப்போ இருக்கும்போது இவ்வேலை வேண்டாம். கத்தி பெரிதாயின் பெரிய பழத்துக்கு அதனையே எடுப்போம். பெரிய பழத்துக்கு எடுத்தால் பிசினை அதுவே வாங்கும். சிறு கத்திக்கு இந்தத் துன்பம் இல்லை, ஏனெனில் எவரும் அதனைப் பலாவுக்கு எடுப்பதில்லை.

மூட்டுக்கு என்ன எண்ணெய் இடுவது என்பதும் அடிக்கடி எழும் கேள்வி. வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கும்போது வேறெதற்கு என்பர். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். நக்கிள்ஸ் மலைச் சாரலிலே மார்கழிக் காலையில் போத்தலோடு உறைந்து நிற்கும் எண்ணெயைக் காணாதவர் யார்? மூட்டுக்குள்ளும் அதே கதைதான். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெய் ஒரு துளி போதும். அதனைத் தாய்மாரிடம் கேட்டு வாங்கிக்கொள்க. எடுத்த போத்தலை எடுத்த இடத்தில் வையாவிட்டால் அடுத்த முறை கிடைக்காது.

மூட்டைப் பற்றிச் சொல்லும்போது பாக்குவெட்டியை மறத்தலாகாது. வெற்றிலைத் தட்டோடு பழகிய பாட்டிமார் புதுப் பாக்குவெட்டி வாங்கும்போது அலகைப் பார்ப்பதற்கு முன்னே இரு தண்டையும் விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பர். ஆடினால் அதனைத் திரும்ப வைத்துவிடுவர். மடக்குக்கத்தி வாங்குவோர் இதனையே செய்யவேண்டும். கத்தி பெரிதாகப் பெரிதாக ஆட்டமும் பெரிதாகும். கணக்கு விருப்பமுள்ள மாணாக்கர் போட்டுப் பார்க்கலாம். மூட்டிலே அலகு பிடியைத் தொட்டிருக்கும் இடம் ஒரு சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அங்கே ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தளர்வு இருந்தால், பத்துச் சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் அலகின் நுனியில் அது ஒரு மில்லிமீற்றர் ஆகிவிடும். ஐந்து சென்ரிமீற்றர் அலகாயின் அரை மில்லிமீற்றரே. ஆகவே சிறு கத்தியில் மன்னிக்கத்தக்க குறை, பெரிய கத்தியில் கண்ணுக்குத் தெரிந்து கையை உறுத்துகின்றது. பெரிய மடக்குக்கத்தியைக் குறைகூறுவோரின் முதல் முறைப்பாடு அனேகமாக இந்த ஆட்டந்தான். அது நெம்புகோற் கணக்கேயன்றி அவர்கள் குணமன்று.

ஆட்டத்தையாவது பொறுக்கலாம். அலகு திடீரென மடங்குவதை எவர் பொறுப்பார்? வில்லு மாத்திரம் உள்ள கத்தியில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது அந்தத் தகட்டின் அழுத்தமே. வாய்ப்பக்கம் அழுத்தி அறுக்கும்வரை ஆபத்தில்லை. முனையாற் குத்தினாலோ, மரத்தில் இறுகிய அலகை முதுகுப் பக்கமாகத் தள்ளி எடுத்தாலோ, வில்லு தோற்று அலகு விரல்மேல் மூடும். சிறு அலகு மூடினால் தோல் கிழியும். நீண்ட அலகு மூடினால் நரம்பு அறும். அலகு நீளும்போது அதன் நுனியில் தரும் சிறு விசையும் மூட்டிலே பெரும் முறுக்கமாகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பெரிய கத்தியைக் கையிலெடுத்தவர் பெரிய வேலை செய்யவே விரும்புவர். குத்தவும் நெம்பவும் தோன்றும். எனவேதான் பெரிய மடக்குக்கத்திக்குப் பூட்டு இன்றியமையாதது என்று நாம் கருதுகின்றோம். பூட்டில்லாத பெரிய வில்லுக்கத்தி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் வீட்டுக்குள் வரவேண்டாம்.

பூட்டுகளிற் பல விதம். மேற்சொன்ன ஒப்பினெல் கத்திக்கு 1955 இல் ஒரு சுழல் வளையம் சேர்த்தனர். மூட்டின்மேல் வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லை. பார்த்தாலே விளங்கும் எளிய பூட்டு. ஆயினும் அதன் மரப்பிடி ஈரத்திற் பருத்து அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது அக்கத்தியின் அன்பர்களே சொல்லும் குறை. பிடியைக் கடினமான இடத்தில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளிவரச் செய்யும் உபாயம் ஒன்றுண்டு. சவோய்க்காரன் தட்டு என்றே அதனை அழைக்கின்றனர். வடகீழ்ப் பருவ மழையிலே மாத்தளையில் அந்தத் தட்டு தினமும் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் பக் என்னும் கம்பனியார் 1960 களின் நடுவில் வெளியிட்ட 110 ஆம் இலக்க வேட்டைக்கத்தி வேறொரு விதம். அதன் பூட்டு பிடியின் முதுகில் இருக்கின்றது. விரித்தால் 'டக்' என்னும் ஒலியோடு அலகு நிலைகொள்ளும். முதுகை அழுத்தினாலன்றி மடங்காது. அந்த ஒலிக்காகவே அதனை வாங்குவோரும் உண்டு. மூன்றே முக்கால் அங்குல அலகுதான். ஆனால் பித்தளைப் பூணும் மரமும் சேர்ந்து எடை ஏறக்குறைய 200 கிராம். இதனைக் காற்சட்டைப் பையில் இட்டு நடந்தால் ஒரு பக்கம் தாழும், தையல் விடும். ஆகவே தோலுறையிற் போட்டு இடுப்பு வாரிற் கோத்துக்கொள்கின்றனர். இடுப்பிற் கோப்பதாயின் மடக்குவானேன், நேர்க்கத்தியே கட்டிக்கொள்ளலாமே என்று எதிர்க்கட்சியார் கேட்கும் கேள்விக்கு இதுவரை நல்ல விடை வந்ததாக நாம் அறியோம்! முதுகுப் பூட்டுக்கு வேறொரு பகையும் உண்டு. பையிற் சேரும் நூலும் தூசும் பூட்டு விழும் குழியில் அடைந்துகொண்டால், திறந்தது போலத் தோன்றும், பூட்டியிராது. ஒரு தீக்குச்சியால் அக்குழியை வாரந்தோறும் சுத்தஞ் செய்வது விரலுக்குச் செய்யும் உபகாரம்.

சாரம் உடுத்துவோர்க்குப் பை இல்லை. பை வைத்த அகன்ற வாரை இடுப்பிற் கட்டுவோர் கத்தியைக் காசோடும் வெற்றிலையோடும் வைத்துக்கொள்கின்றனர். சுண்ணாம்பும் ஈரமும் சேரும் அந்தப் பையில் எந்த எஃகும் நெடுநாள் தாங்காது.

எஃகைப் பற்றியும் இரு கட்சி. பழைய கரி எஃகு எளிதிற் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். ஷெஃபீல்டில் ஹரி பிறியர்லி என்பவர் 1913 இல் குரோமியம் கலந்து வார்த்த துருவேறா எஃகு பராமரிக்க எளிது. பிரியர்களிற் பழமைப்பற்று உடையோர் கரி எஃகையே நாடுவர். மாங்காயும் பாக்கும் வாழைக்காயும் அறுத்தால் அலகு கறுத்துப் போவதைக் கண்டு அவர்கள் மகிழ்வர். வீட்டாரோ பழத்திலும் கறுப்பு ஒட்டுகின்றது என்று முணுமுணுப்பர். இக்கறுப்பு அழுக்கன்று. பாக்கிலும் காயிலும் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு கூடுவதால் விளைவது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே முறையிலேதான். உங்கள் கத்தி மாங்காயிலே மை காய்ச்சுகின்றது என்று கொள்க! நனைகின்ற நாடு இது. நம்மைக் கேட்டால் துருவேறா எஃகையே வாங்கச் சொல்வோம். கரி எஃகை வைத்திருப்போர் வேலை முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, மறுபடியும் ஒருமுறை மூட்டினுள்ளே பார்த்துவிட்டு மடக்குக.

கடைசியாக வருவது பெரிய வில்லுக்கத்தியின் மேலுள்ள குறைகளிலெல்லாம் கனமானது. அது பிறர் கண் சம்பந்தப்பட்டது. பஸ்ஸிலே பக்கத்திலிருப்பவர் சிறு பேனாக்கத்தியை எடுத்துத் தோடம்பழம் உரித்தால் எவரும் திரும்பிப் பாரார். அதே வேலைக்கு நாலங்குல அலகு 'டக்' என்று விரிந்தால் குழந்தை தாயின் மடிக்குள் ஒடுங்கும். ஸ்பெயின் நாட்டு நவாஹா என்னும் பெரிய மடக்குக்கத்தியிற் பல்லுப் பல்லாக வெட்டிய பூட்டு வைத்து, திறக்கும்போது கறகறவென்று ஒலிக்கச் செய்தனர். அந்த ஒலியே அச்சமூட்டுவதாயிற்று. வேலைக்காக எடுத்தவனுக்கும் வேறெதற்கோ எடுத்தவனுக்கும் கத்தி ஒரே மாதிரித்தான் விரிகின்றது.

இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 பெருந்தெரு மாத்தளை நகரூடாகவே செல்கின்றது. போர்க்காலத்திற் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி நின்ற நாட்களில், தோட்டத்திலே கிழங்கு சீவிய கத்தியே ஆயினும் அதற்கு விளக்கஞ் சொல்வது இலகுவாக இருக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தது. பத்தாண்டு கழித்து, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் அவ்வாண்டு மே மாதத்திற் கேட்டனர். அன்றாட வேலைக்குரிய கத்திகளுக்கு விலக்கு அளித்தனர் என்பது மெய்யே. ஆனால் அன்றாட வேலைக்குரியது எது, அன்றியது எது என்று சாவடியில் நின்று வழக்காட எவர்க்குத் துணிவு வரும்? கவ்வாத்துக் கத்திக்குத் தோட்டமே சாட்சி. மலையிலும் லயத்திலும் அதனைக் கண்டு எவரும் ஐயுறார். சட்டைப் பையில் மறைந்து கிடக்கும் பெரிய கத்திக்கோ சாட்சி இல்லை. மடங்குதல் என்னும் அதன் நற்குணமே அங்கே குற்றமாகிவிடுகின்றது.

ஆகையால் இதனை வைத்திருப்போர்க்குச் சில சொல்வோம். வளவிலும் தோட்டத்திலும் பழமரத்தடியிலும் அது கையில் இருக்கட்டும். மாசிமகத் தேர்த் திருவிழாவுக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதும், பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும், பிரயாணத்தின்போதும் வீட்டில் இருக்கட்டும். விமானத்தில் கைப்பைக்குள் வைக்க இடமில்லை. பொதியோடு அனுப்பும் பெட்டிக்குள் உறையிட்டு வைக்க வேண்டும், மறந்தால் வாயிலிலேயே பறிபோகும். இலண்டனிலிருக்கும் உறவினர்க்கு இங்கிருந்து நல்ல கத்தியொன்று கொண்டுபோக எண்ணுவோர் அந்நாட்டுச் சட்டத்தையும் அறிக. 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய மடக்குக்கத்தியை மாத்திரமே தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் உடன்வைத்திருக்கலாம். பூட்டுள்ள கத்தி இச்சலுகைக்குள் அடங்காது என்று நீதிமன்றமும் தீர்த்துவிட்டது. விரலைக் காக்க நாம் வேண்டுமென்ற பூட்டே அங்கே வினையாகிறது பாருங்கள். சமையலறையில் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

இத்தனையும் கேட்ட பின்னும் வாங்குவேன் என்போர்க்குக் கடையில் செய்யத்தக்கது இது. பெட்டியிலுள்ள படத்தைப் பாராமல் கத்தியைக் கையிலெடுத்து, மூடிய நிலையில் இறுகப் பற்றுங்கள். நாலு விரலும் பிடிக்குள் அமர்கின்றனவா? பின் விரித்து, பாட்டியார் பாக்குவெட்டியை ஆட்டியது போலப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பூட்டு விழுந்ததா என்று கண்ணாலும் பாருங்கள். மடக்கும்போது அலகு வரும் வழியில் விரல் நிற்கின்றதா என்று கவனியுங்கள். இவை நான்கும் சரியாயின் விலையைக் கேட்கலாம்.

இடக்கையர்க்கு மாத்திரம் இன்னொரு தொல்லை மிஞ்சுகின்றது. அலகைத் திறக்க நகத்தை ஊன்றும் பள்ளம் பெரும்பாலான வில்லுக்கத்திகளில் ஒரு பக்கத்தில்தான் உண்டு. அதுவும் வலக்கைக்காரர்க்கு வசதியான பக்கத்தில். சிறு கத்தியில் விரல் நுனியால் எப்படியோ சமாளிக்கலாம். வில்லு வலுத்த பெரிய கத்தியில் முடியாது. இருபுறமும் பள்ளம் வெட்டிய கத்தி சில உள. இடக்கை வாசகர்கள் இதற்கு என்ன வழி செய்துகொண்டிருக்கின்றனர் என்று எமக்கு எழுதினால், இப்பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.